ஊற்றும் வாய்

ஊற்றும் போல்ட்டை முதலில் திற.
அது அசைந்த பிறகுதான்
வடிக்கும் போல்ட்டில் கை வை.
கியர் ஆயில் மாற்றிய எவரும்
இரண்டாம் முறை மறக்காத விதி.
முதல் முறை எல்லோரும் மறப்பார்கள்.

இஷ்பெமிங்கில் ஏப்ரல் ஞாயிறு.
பாதையோரப் பனி கரி பூசிக்கொண்டு
இன்னும் முழங்கால் உயரம்.
டுவேனின் புத்தகங்களுக்கென்று வாங்கியதில்
ஒரு பெட்டி மிஞ்சியிருந்தது.
அதைப் பிரித்து ஜல்லிமேல் விரித்து
அவன் மல்லாந்து உள்ளே போனான்.
கை நீளம் அவனுக்கு.
உதிரிபாகக் கடையில் ஒன்பது வருஷம் நிற்பவள் நான்.
எனக்குத் தெரியும், அவனுக்கு எட்டும்.
எங்கள் வீட்டில் வேலைகள் இப்படித்தான் நடந்தன.

கார் அவனுக்கு, வீடு எனக்கு.
வக்கீலிடம் போகாமலே முடிந்த கணக்கு.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மைல்
யாரும் தொடாத கியர்பாக்ஸ்.
தொடாமல் விட்டதைத் தொடாதே,
அந்த அழுக்குதான் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று
கவுண்டரில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.
இருந்தாலும் கிரீன் பே வரை மூன்றரை மணி நேரம்.
நடுவழியில் நின்றால் கூப்பிடுவது என்னைத்தான்.

“திருப்பு” என்றேன்.
எதை என்று அவன் கேட்கவில்லை.
எதை என்று நான் சொல்லவில்லை.

கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது,
சூடாக, சத்தமில்லாமல், தட்டு நிறைய.
போல்ட்டின் காந்த நுனியில்
சாம்பல் நிறச் சேறு, நகக்கண் அளவு.
துடைத்து மூடினான்.
பால் கேனில் ஊற்றி அளந்தேன். மூன்று லிட்டர்.
வந்த அளவு போக வேண்டும்.
எவ்வளவு வடித்தாலும் பாதிக்குமேல் உள்ளேயே தங்கிவிடும்,
புதியது அதோடு கலந்துதான் ஓடும்.
இதை அவனிடம் சொன்னேன்.
“சரி” என்றான், காருக்கு அடியிலிருந்து.

பிறகு ஊற்றும் போல்ட்.
அசையவில்லை.
துருநீக்கி அடித்துக் காத்திருந்தோம்.
அசையவில்லை.
இரண்டு கையாலும் தொங்கினான்,
சாக்கெட் நழுவி முட்டி கிழிந்தது.
வயிறு காலியான கார்.
திங்கள் காலை ஆறு மணிக்கு அவனுக்கு ஷிப்ட்.
“இதை முதலில் திறக்கணுமோ?”
“ஆமாம்.”
“உனக்குத் தெரியுமே.”
தெரியும்.
மறந்தேனா, விட்டேனா என்று
அப்போதும் தெரியவில்லை, இப்போதும்.

எதிர்வீட்டு ஜோலீன் மாக்கி
பைஜாமாவும் பனிபூட்ஸுமாக வந்தாள்.
மரலாரி ஓட்டுகிறவள், எதையும் விசாரிப்பதில்லை.
ரெஞ்சின் வாலில் நாலடிக் குழாயைச் சொருகி
மேலே உட்கார்ந்தாள்.
நாய் குரைத்ததுபோல ஒரு சத்தம்.
“காப்பி இருக்கா?” என்றாள்.

புனலில் குழாய் மாட்டி
செக்கச் செவேலென்று உள்ளே விட்டேன்.
எஞ்சினை முடுக்கி, பிரேக்கை மிதித்தபடி
ஒவ்வொரு கியரிலும் ஐந்து எண்ணினான்:
பின்னே, நடுவே, முன்னே, மறுபடி பின்னே.
அளவுக்குச்சியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது.
நிறம் செம்மண்.

“ஆயிரம் மைல் ஓடினதும் இன்னொரு தடவை மாத்தணும்.”
“அங்கே நானே மாத்திக்கறேன்.”
“முதல்ல—”
“தெரியும்” என்றான்.

கார் திரும்பிய இடத்தில்
ஜல்லிமேல் பூனை மணலைத் தூவிப் பெருக்கினேன்.
பழைய ஆயில் கேன் படிக்கட்டில்,
செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.
ராத்திரி கோட்டைக் கழற்றும்போது
பாக்கெட்டில் ஏதோ தட்டுப்பட்டது.
வடிக்கும் போல்ட்டுக்கென்று கடையில் எடுத்துவந்த
புது வாஷர், உறை பிரிக்காமல்.
அப்படியென்றால் பழையதுதான் உள்ளே போயிருக்கிறது.
கசியலாம்.
கசியாமலும் இருக்கலாம்.

நாளைக்கு ஷிப்ட் முடிந்ததும்,
அவன் கார் நிறுத்தும் இடத்தில்
தரை என்ன நிறம் என்று கேட்கவேண்டும்.